ஒன்பது வருஷம் பிந்திய துக்கம்

பெரிய வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஒருசந்தி விரதத்தோடு புறப்பட்டேன். சாணார்பட்டிக்கு இரண்டு மைல் நடை. அங்கிருந்து திண்டுக்கல் பத்து மைல், பஸ்சுக்கு அஞ்சணா. எங்கள் ஊரிலும் கோயில் உண்டு. ஆனால் அந்தச் சாமியாருக்கு என் குரல் தெரியும். அவரிடம் சொல்லாமல் வைத்திருந்த பாவம் ஒன்று இருந்தது.

எழுதவும் கூச்சமாகத்தான் இருக்கிறது. என் ஓரகத்தி சவரியம்மாளுக்கும் எனக்கும் கிணற்றில் தண்ணீர் இறைக்கிற முறையில் சண்டை. அந்த வாரமே அவள் மகள் செசிலி காய்ச்சலில் இறந்தாள். ஏழு வயசு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அழுகைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நான் அடுப்பு மூட்டினேன். போகவில்லை. அதோடு பேச்சும் நின்றது. ஒன்பது வருஷம்.

பஸ்சில் கண்டக்டர், "என்ன ஆத்தா, மொகம் வாடிக் கெடக்கு?" என்றார்.

"ஒருசந்தி, அப்பு."

"அப்பக் கம்பியக் கெட்டியாப் புடிச்சுக்க. மயங்கி விழுந்தா அந்தப் பாவம் எனக்கு."

பதினோரு மணிக்குக் கோயிலில் இருந்தேன். பெரிய வெள்ளி என்பதால் மணி அடிக்கவில்லை, மரக்கட்டையைத்தான் தட்டினார்கள். சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் பெண்கள் வரிசை நீளம். நான் தலை நிமிராமல் நின்றேன். எனக்கு முன்னால் முக்காடு போட்டவள் முழங்காலிட்டு வெகுநேரம் அழுதாள். எழுந்து திரும்பினாள். சவரி! முதல் பஸ்சிலேயே வந்திருக்கிறாள். ஒரே சாமியாருக்குப் பயந்து இரண்டு பேரும் பன்னிரண்டு மைல் வந்திருக்கிறோம்.

என் முறை வந்ததும் முழங்காலிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். சாமியார், "அந்தப் பாவத்துக்காகவும்தான் ஆண்டவர் சிலுவையில் உயிரை விட்டார். உனக்கு மன்னிப்பு உண்டு. அவளிடமும் போய்க் கேள். எங்கே இருக்கிறாள்?" என்றார்.

"இங்கதான் சாமி, மூணாவது தூணுகிட்ட."



சவரி பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மூன்று மணிக்குமேல் சிலுவையில் பாடுபட்ட சுரூபத்தின் பாதத்தை முத்தி செய்ய இரண்டிரண்டு பேராகப் போனோம். போகிற வழியில் மூன்று இடத்தில் முழங்காலிட வேண்டும். இரண்டாவது இடத்தில் என்னால் எழ முடியவில்லை. சவரி முழங்கையைப் பிடித்துத் தூக்கினாள்.

"எந்திரிக்கா. பின்னால சனம் நிக்குது."

ஆணி அடித்த பாதத்தில் அவள் கண்ணீர் ஈரமாக இருந்தது. அதன்மேலேயே நானும் வாய் வைத்தேன்.

வெளியே கஞ்சி ஊற்றினார்கள். "செசிலிக்கு நான் வரல. மன்னிச்சுக்க சவரி" என்றேன்.

"ஒங் குடி வெளங்கக் கூடாதுன்னு தெனமும் வேண்டிக்கிட்டவ நான். அதச் சொல்லத்தான் இம்புட்டுத் தூரம் வந்தேன்." கொஞ்சம் பொறுத்து, "இங்க வச்சுக் கேக்காதக்கா. எங்க வீட்டுல அவளக் கெடத்துன எடத்துல வந்து கேளு" என்றாள்.

பொழுது சாய ஊருக்கு வந்தோம். என் வீட்டைத் தாண்டி அவள் வீட்டுக்குப் போனேன். சவரி முந்தி உள்ளே போய்ப் பாய் விரித்தாள். துக்கம் கேட்கிற முறைப்படி தலைமுடியை அவிழ்த்துவிட்டு, அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். அவளும் அழுதாள்.

அக்கம்பக்கத்துப் பெண்கள் பதறி ஓடிவந்தார்கள். "ஏத்தா, யாரு செத்தது?"

"எம் மக செசிலி" என்றாள் சவரி.