தர்மதாஸின் தெளிந்த குரல்

முசரவாக்கத்து தர்மதாஸ் துணியில் வடிகட்டாத தண்ணீரைக் குடிக்க மாட்டார். பொழுது சாய்ந்தால் ஒரு பருக்கை தொட மாட்டார். சமண வீடுகளில் இதெல்லாம் வழக்கம்தான். ஆனால் இவருக்கு அதை நாலு பேரிடம் சொல்லிக்காட்டவும் வேண்டும்.

ஊர்க் கோயிலில் சாயங்காலம் புராணம் வாசிப்பது அவர் பொறுப்பு. ஐம்பது வயதில் அந்தக் குரல் நடுங்க ஆரம்பித்தது. இழுத்து வாசிக்கும் இடமெல்லாம் உதறும். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். உள்ளே ஏதோ பயம், செய்த பாவம் பேசுகிறது என்று ஆண்களும் தங்கள் பங்குக்குச் சொன்னார்கள். தர்மதாஸ் கூனிக் குறுகிப் போனார்.

அந்தச் சமயத்தில் வயிறு மந்தமாக இருக்கிறதென்று காஞ்சிபுரத்து நாட்டுமருந்துக் கடையில் ஓர் அரிஷ்டம் வாங்கினார். மூன்று கரண்டி போதும் என்றார் கடைக்காரர். மருந்துதானே என்று இவர் அரை டம்ளர் குடித்துவிட்டு வாசிக்கப் போனார். வயிறு சரியானதோ இல்லையோ, குரல் தெளிந்துவிட்டது. அன்றிலிருந்து வாசிக்கப் போகும் முன் தினமும் அரை டம்ளர். எல்லாம் விரதத்தின் பலன் என்று ஊருக்குச் சொன்னார். தானும் நம்பினார், பாவம்.

அது சாராயக் கடைகள் திறந்திருந்த காலம். ஒருநாள் சித்தப்பா மகன் அஜிதநாதன் வாடை அடிக்கக் கோயிலுக்குள் வந்தான். தர்மதாஸ் வாசிப்பை நிறுத்தினார்.

"குடிச்ச வாயோட இந்தப் படிய மிதிக்காத. விரதம் இருக்கிறவன் குரல் எப்பிடி இருக்குதுன்னு என்னைப் பார்த்துக் கத்துக்கோ."

அத்தனை பேர் முன்னால், அவன் பெண்டாட்டி திரிசலாவும் உட்கார்ந்திருந்தபோது சொன்னார். அஜிதநாதன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். யாரும் கேட்கவில்லை. அதன்பிறகு அவன் கோயில் பக்கமே வரவில்லை.

மறு மாதம் கடையில் அரிஷ்டம் இல்லை. குரல் பழையபடி உதறியது. திருவிழா நெருங்குகிறதே என்று டாக்டரிடம் ஓடினார். குரல்வளைக்குள் இரண்டு மடிப்புகள் இருக்கின்றன, அவற்றை இழுத்துப் பிடிக்கும் தசைக்கு மூளையிலிருந்து வரும் கட்டளை ஒரே சீராக வராமல் அலை அலையாக வருகிறது, தறியில் பாவு நூல் தளர்ந்து தளர்ந்து இறுகினால் நெசவு என்ன ஆகும், அதுபோலத்தான் என்றார் டாக்டர். பயமும் இல்லை, பாவமும் இல்லை. தர்மதாஸுக்கு உயிர் வந்தது. அடுத்து டாக்டர், குடித்தால் நடுக்கம் குறைகிறதா, சிலருக்குக் குறையும் என்று கேட்டார். நாங்கள் அதைத் தொடுகிற ஜாதி இல்லை என்று தர்மதாஸுக்குக் கோபம் வந்தது. வேறு என்ன சாப்பிடுகிறீர்கள் என்றார். அரிஷ்டம் என்றார் இவர். எவ்வளவு என்றார். அரை டம்ளர்.

டாக்டர் சிரித்துவிட்டார். "அது புளிக்கவைச்சுச் செய்யறது, ஐயா. அதுலயும் அதே சாராயச் சத்துதான் இருக்குது."

பஸ்ஸில் திரும்பும்போது தர்மதாஸ் யார் முகத்தையும் பார்க்கவில்லை. குரல் நடுங்கியபோது பட்ட வெட்கம் ஒன்றுமே இல்லை. தெளிந்து வாசித்த ஒவ்வொரு நாளும் இப்போது உடம்பைக் கூசவைத்தது.

திருவிழா அன்று எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னார். குரல் உதறு உதறென்று உதறியது. ஊர் அதை அழுகை என்று எடுத்துக்கொண்டது. தம்பியைக் கோயிலுக்குள் சேர்க்கத் தன் தலையில் பழியைப் போட்டுக்கொள்கிறாரே, என்ன மனசு என்று பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். மருந்து எப்படிக் குடியாகும் என்றார் ஒரு பெரியவர். பனைமரத்தடியில் பாலைக் குடித்தாலும் கள் என்பார்கள். இவர் விஷயத்தில் கள்ளையே பால் என்று சாதித்தார்கள். இரண்டு பேர் காலில் விழ வந்தார்கள். தர்மதாஸ் தப்பித்து வெளியே வந்து நேராக அஜிதநாதன் வீட்டுக்குப் போனார்.

அவன் கட்டிலில் இருந்து எழவில்லை. திரிசலாதான் முன்னாலேயே வந்து கோயிலில் நடந்ததைச் சொல்லியிருந்தாள் போலிருக்கிறது.

"நானும் குடிச்சுட்டுதான் வாசிச்சுக்கினு இருந்தேன்பா. சத்தியமா. ஒருத்தரும் நம்பமாட்டேங்கறாங்க."

அஜிதநாதன் நகர்ந்து கட்டிலில் அவருக்கு இடம் விட்டான்.

"நான் நம்பறேண்ணா. அன்னிக்கு வெளியூர்ல கூட்டாளியோட குழந்தைய என் கையாலதான் அடக்கம் பண்ணேன், கூட இருந்தவங்க மனசு தாங்கட்டும்னு என் வாயில ஊத்திட்டாங்க. வாழ்க்கையிலே அன்னிக்கு ஒரு நாள்தான். அதைச் சொல்லத்தான் வாயத் திறந்தேன்."