ராத்தாவைப் பிடித்தது ஜின் அல்ல

மறைந்த ராத்தாவுக்காக யாசீன் ஓத வந்த இடத்தில் இந்த நினைவு மலரை வாங்கியிருக்கிறீர்கள். சாப்பாடு வருவதற்குள் இந்தப் பக்கத்தைப் படித்துவிடுங்கள். படித்த பிறகு பசி இருக்குமோ தெரியாது.

எங்கள் ராத்தா மருதமுனையில் பிறந்தார். நாவிதன்வெளிப் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில் கணிதம் கற்பித்தார். கோபமே வராத மனுஷி. அந்தக் குறையை நிரப்பத்தான் அல்லாஹ் தங்கச்சியாக என்னை அனுப்பினான் போலும்.

ஒருநாள் பஸ்ஸால் இறங்கும்போது ராத்தாவின் கால் மரத்துப்போனது. பிறகு ஒரு கண் மங்கி, தானாகவே தெளிந்தது. நோய் இப்படி வந்து வந்து போனது உங்கள் வாய்க்கு நல்ல தீனி. முதலில் நடிப்பு என்றீர்கள். பிறகு ஜின் என்றீர்கள்.

வாப்பாவின் தங்கையான எங்கள் மாமி நொச்சியும் வேப்பிலையும் அவித்து, ராத்தாவைக் கம்பளியால் மூடி வேது பிடித்தார். கம்பளியை எடுத்தபோது ராத்தாவுக்குக் கண் தெரியவில்லை.

"பாத்தீங்களா, சூடு பட்டதும் ஜின் கண்ணக் கட்டிட்டு!" என்றார் மாமி.

"கொஞ்சம் காத்துப் படட்டும் மாமி, சரியாப் போயிரும்" என்றார் ராத்தா.

உடம்பு ஆறியதும் பார்வை திரும்பியது. அந்தப் பெருமையை நீங்கள் ஓதிக் குடிக்கக் கொடுத்த தண்ணீருக்குக் கொடுத்தீர்கள். பிறகு மாதக்கணக்கில் தாயத்தும் வேதும்தான். ஆஸ்பத்திரிப் பேச்சையே எடுக்க விடவில்லை.

கண்டியில் வேலை செய்த நான் லீவில் வந்து, சண்டை பிடித்து, ராத்தாவை அங்கே அழைத்துப் போனேன். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார் நரம்பியல் வைத்தியர். உடம்பைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்பு அணுக்களே நரம்பின் உறையைத் தாக்கும் நோய். மூளைக்குள் மைக்ரோக்ளியா என்ற காவல் அணுக்கள் இருக்கின்றனவாம். கழிவை அகற்றுவதும் காயம் ஆற உதவுவதும் அவற்றின் வேலை. இந்த நோயில் அவையே அழற்சியைத் தூண்டிவிடவும் கூடும். வெளியே அடங்கியதுபோல் தெரிந்தாலும் உள்ளே புகைந்துகொண்டிருக்கும். சூடு பட்டால் பழுதான நரம்பு சற்று நேரம் மங்கும், ஆறினால் மீளும்.

"வேதால வந்த பழுது இல்ல இது. இவ்வளவு காலம் மருந்தில்லாம விட்டதுதான் பழுது" என்றார் வைத்தியர்.

காக்க வேண்டியவர்களே தாக்குவது என்றதும் எனக்கு உங்கள் முகங்கள்தான் ஞாபகம் வந்தன. மன்னிப்பு நான் கேட்கப்போவதில்லை.

மருந்து தொடங்கியபோது கால்கள் ஓய்ந்திருந்தன. இருந்த வாக்கில்தான் தொழுதார், பிள்ளைகளுக்குக் கணக்கும் சொல்லிக் கொடுத்தார். கடைசியில் விழுங்க முடியாமல் நெஞ்சில் சளி கட்டியது. அந்த நாட்களில்தான் ராத்தாவின் மகளுக்குப் பேசிய சம்பந்தம் குழம்பியது. "ஜின் புடிச்ச வீடு" என்று மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொன்னது நம்மவர்கள்தான்.

"நான் மௌத்தானா என்ட நோய்ட பேர எழுதிப் போடு தங்கச்சி. என்ட புள்ளைக்கு ஜின்ட பேர் வேணாம்" என்றார் ராத்தா. வேறெதுவும் அவர் கேட்கவில்லை.

ஜனாஸாவைச் சுமந்தவர்களுக்கும், கண்டிக்கு வேன் ஓட்டிய பக்கத்து வீட்டுச் சகோதரருக்கும் அல்லாஹ் நற்கூலி வழங்கட்டும். அவர்களுக்கு மட்டும் எங்கள் நன்றி.

மலர் அச்சுக்குப் போகுமுன் மாமி வந்தார். "பழசெல்லாம் மறந்திரு புள்ள. நல்லதா நாலு வார்த்த எழுது" என்றார்.

எழுதிவிட்டேன் மாமி. பெண்கள் கூடியிருக்கும் அறையில் நீங்களே இதை வாசியுங்கள். ஜின் என்று சொன்ன அதே சத்தத்தில் வாசியுங்கள்.