எல்லைக்கு வெளியே இரண்டு வட்டம்

மண்ணூரில் நான் வாடகைக்கு இருக்கும் மாடிக்கு மேலே, சென்னையில் இறங்கப்போகும் விமானங்கள் தாழ்வாகப் போகும். ஒரு ஞாயிறு மதியம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, அப்படிப் போன ஒன்றைப் பார்த்து, விமானி கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லும் வாசகத்தை என்னையறியாமல் உரக்கச் சொல்லிவிட்டேன்.

காயவைத்த மிளகாயை அள்ள வந்த வீட்டுக்கார அக்கா நின்றுவிட்டார். "இன்னாம்மா, யார்கிட்ட பேசிகினு கீற?"

ஒரகடத்தில் என்னோடு வேலை பார்க்கும் யாருக்கும் சொல்லாததை அவரிடம் சொன்னேன். நான் விமானம் ஓட்டப் படித்தவள்.

"தனியாவா ஓட்டுன?"

"வேற ஊர் வரைக்கும் தனியா போனது ஒரே ஒரு தடவதாங்க்கா."

அன்று பயிற்சியாளர் உட்காரும் பக்கத்து இருக்கை காலி. பெரிய விமான நிலையத்தைச் சுற்றி, அனுமதி இல்லாமல் நுழையக் கூடாத வான்பகுதி உண்டு. அதன் எல்லையை நெருங்கியதும் விமானத்தின் அழைப்புப் பெயர், இடம், உயரம் சொல்லி ரேடியோவில் அனுமதி கேட்டேன். பதில் இல்லை. மறுபடி கேட்டேன். காதில் என் மூச்சுச் சத்தம் மட்டும். எல்லைக்கு வெளியிலேயே வட்டமடித்தேன். கீழே வயலில் ஆட்கள் தெரிந்தார்கள். ஒருவருக்கும் என் குரல் எட்டாது. அழுகை வந்துவிட்டது. இரண்டாவது வட்டத்தில்தான் பார்த்தேன், அலைவரிசையில் ஓர் எண் தவறு. திருத்திக் கூப்பிட்டதும் ஒரு பெண் குரல், நிதானமாக: "கோ அஹெட்." சொல்லலாம் என்று அர்த்தம். அவர் தந்த அனுமதியை ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொன்னேன். "ரீட்பேக் கரெக்ட்" என்றார்.

சில வாரத்தில் எனக்கு வலிப்பு வந்தது. விமானம் ஓட்டுவதற்கான மருத்துவத் தகுதி போயிற்று. ஊரில் எல்லோரும் கேட்பார்களே என்று இங்கே தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலைக்கு வந்துவிட்டேன். லைனில் எந்திரச் சத்தம். ஷிஃப்ட் முழுக்கச் சைகையிலேயே பேச்சு முடிந்துவிடும்.

"ரேடியோல பேசுன அந்தப் பொம்பளைக்கு உன்னத் தெரியுமா?"

"தெரியாதுக்கா. குரல் மட்டுந்தான்."

அக்கா மிளகாயை முறத்தில் அள்ளினார். "வலிப்பு வர்றது இங்க யாருக்கனா தெரியுமா?"

"இல்ல."

"ரூம்ல வுழுந்து கெடந்தா?"

நான் துணியை உதறினேன்.

"உள்ள தாப்பா போடாத. வேலைக்குப் போறச்ச ஒரு கொரல் குடுத்துட்டுப் போ."

மறுநாளிலிருந்து கொடுக்கிறேன். சில நாள் உள்ளேயிருந்து "ம்" வரும். சில நாள் அவர் முன்னாடியே கேன்டீன் வேலைக்குக் கிளம்பியிருப்பார். பூட்டிய கதவைப் பார்த்தும் ஒருமுறை கூப்பிட்டுவிட்டுத்தான் கம்பெனி பஸ்ஸுக்கு நடக்கிறேன்.