இரண்டாம் தொட்டிக்குக் காற்று

தமிழ் முதுகலை படிக்கும் எனக்கு விலங்கியல் ஆய்வகத்தில் பகுதிநேர வேலை கிடைத்ததற்கு ஒரே காரணம் என் கையெழுத்து. முதல் நாள் குறிப்பேட்டில், "தொட்டி மீன்கள் துயருற்றுள்ளன" என்று எழுதினேன். ஸ்டெல்லா அக்கா அதைச் சிவப்பு மையால் அடித்தார். முனைவர் பட்டத்துக்கான ஆய்வு அவருடையது.

"துயரத்துக்கு மீட்டர் கிடையாதும்மா. எத்தனை மீனு மேல வந்து வாயைத் தொறக்குதுன்னு மட்டும் எழுது."

தொட்டிக்குப் பன்னிரண்டு ஜிலேபி மீன்கள். முதல் தொட்டியில் இருந்தவற்றின் முன்னோர் மதுரைக்குள் ஓடும் சாக்கடைக் கால்வாயில் வாழ்ந்தவை. இரண்டாம் தொட்டியின் முன்னோர் கீழக்குயில்குடிப் பக்கத்துக் கிணற்றில் வாழ்ந்தவை. இவை எல்லாம் ஆய்வகத்திலேயே, ஒரே நல்ல தண்ணீரில் பிறந்து வளர்ந்த பேரப்பிள்ளைகள். சாக்கடையை இவை கண்ணால்கூடக் கண்டதில்லை. ஆக்சிஜன் குறைந்த நீரில், கிடைக்கும் கொஞ்சத்தையும் இறுகப் பற்றும் ரத்தம் கொண்ட மீன்களே தலைமுறை தலைமுறையாகப் பிழைத்திருக்கும். அந்த வலு மரபணு வழியாகப் பேரப்பிள்ளைகளுக்கும் வந்திருக்க வேண்டும் என்பது அக்காவின் கருதுகோள்.

தண்ணீரில் நைட்ரஜனைச் செலுத்தி ஆக்சிஜனை மெல்ல மெல்லக் குறைப்போம். பதினொன்று, பன்னிரண்டு, மூன்று மணிக்கு நான் கணக்கெடுப்பேன். பன்னிரண்டு மணிக்கு மீட்டரில் ஆக்சிஜன் அளவைப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போவோம்; மூன்று மணிக்கு மீன்களை மட்டும் எண்ணுவோம். தாங்காத மீன்களை உடனே எடுத்து நல்ல தண்ணீரில் விட வேண்டும். ஆனால் எடுக்க வேண்டிய தேவையே வரவில்லை. மூன்று மணிக்கு இரண்டு தொட்டிகளும் ஒரே மாதிரி இருந்தன. ஏற்கெனவே இரண்டு ஆண்டுகள் இப்படியே போயிருந்தன.

"இந்த வருசமும் வித்தியாசம் தெரியலைன்னா தலைப்பை மாத்திருன்னு கைடு சொல்லிட்டாரு" என்றார் அக்கா. தலைப்பை மாற்றினால் மூன்று ஆண்டு உழைப்பு முழுவதும் வீண்.

ஒரு நாள் கேண்டீனில் சாப்பாடு தீர்ந்துபோனதால் ஒரு மணிக்கே ஆய்வகத்துக்குத் திரும்பினேன். உதவியாளர் முத்தையா அண்ணன் ஒரு கையில் தயிர்சாதமும் மறு கையில் ஏர் பம்ப் குழாயுமாக இரண்டாம் தொட்டியின் அருகே நின்றிருந்தார். குழாயின் முனை தண்ணீருக்குள் குமிழியிட்டுக்கொண்டிருந்தது.

"என்னண்ணே செய்றீங்க?"

"காத்து குடுக்குறேன் தாயி. நீங்க எல்லாரும் சாப்பிடப் போயிடுறீக. இதுக மேல வந்து என் மூஞ்சியவே பாக்குதுக. எனக்கு எப்படிச் சோறு எறங்கும்?"

அக்காவை அழைத்து வந்தேன். அவர் குழாயைத் தண்ணீரிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டார்.

"எத்தனை நாளா?"

"ரெண்டு மணிக்குள்ள எடுத்துருவேன் மேடம். ஒரு நாள்கூட மறந்து விட்டதில்ல."

"எத்தனை நாளாண்ணே?"

"மூணு வருசமாச்சு."

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தார். "முதல் தொட்டிக்கும் குடுத்தீங்களா?"

"அதுக்கு எதுக்கு? அதுக எங்க மேல வந்துச்சு? அம்புட்டும் அடியிலயே மேஞ்சுக்கிட்டுக் கெடக்கு. கேக்காததுக்கு எதுக்குக் காத்து?"

அக்கா சிரிக்கத் தொடங்கினார். அண்ணன் பயந்துபோய்த் தயிர்சாதத்தை மேசையில் வைத்தார்.

மறுவாரம் பம்பை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, மாற்றி மாற்றிச் சாப்பிடப் போனோம். ஒரு மணிக்குக் கிணற்று வம்சத்தில் பதினொரு மீன்கள் மேலே வந்தன. எடுத்து நல்ல தண்ணீரில் விட்டோம். சாக்கடை வம்சத்தில் மூன்று மணிவரை ஒன்றுகூட அசரவில்லை. அக்கா மீட்டரை இரண்டு முறை சரிபார்த்தார். எந்த மரபணு என்பதை இனிமேல்தான் தேட வேண்டும். ஆனால் தலைப்பை மாற்ற வேண்டியதில்லை.

முத்தையா அண்ணன் வாசலில் நின்று பார்த்தார். "இதத்தான மேடம் நான் மூணு வருசமாப் பாத்துக்கிட்டு இருக்கேன்? ஒரு வார்த்த கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்ல."

புதிதாக ஆய்வகக் குறிப்பெழுத வருபவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. மீன் என்ன செய்தது என்று எழுதும் கட்டத்துக்குப் பக்கத்தில், அப்போது அறையில் யார் இருந்தார் என்பதற்கும் ஒரு கட்டம் போடுங்கள். அவர் என்ன பார்த்தார் என்று கேட்டும் எழுதுங்கள்.