பக்கத்து இருக்கையின் எடை

முப்பத்திரண்டு வருஷம் பம்ப்செட் செய்து பிழைத்தவன் நான். சுழலும் தண்டுக்கும் அதைத் தாங்கும் புஷ்ஷுக்கும் நடுவே தேவைக்கு மேல் ஒரு மயிரிழை ஆட்டம் இருந்தாலும் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. கோயமுத்தூரில் பட்டறை வைத்திருக்கிற எல்லோருக்கும் இந்த வியாதி கொஞ்சம் உண்டு. கூடவே இன்னொன்றும் உண்டு. ஒரு சாமான் கெட்டுப்போனால் அதைக் கடையில் கேட்டு வாங்குவதை நாங்கள் கௌரவக் குறைச்சலாக நினைப்போம். நம்மிடம் லேத் இருக்கிறது, ஆள் இருக்கிறது, நாமே கடைந்து போட்டால் போயிற்று என்போம். இந்த இரண்டும் சேர்ந்துதான் என்னை என் மனைவியிடம் தலைகுனிய வைத்தன. மூன்றாவதாக என் வாயும் சேர்ந்துகொண்டது.

வண்டி, இரண்டே பேர் உட்காரக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார். எங்கோ வெளிநாட்டில் ஓடி, இங்கே வந்து இரண்டு கை மாறி, என் அறுபதாவது வயதில் என்னிடம் வந்தது. இந்த வயதில் இது தேவைதானா என்று கேட்காத உறவினர் இல்லை. கேட்காத ஒரே ஆள் என் மனைவி. பட்டறை நடந்த காலமெல்லாம் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருந்ததில்லை. வண்டி வந்த பிறகு ஞாயிறு காலை ஆறு மணிக்கெல்லாம் ஃபிளாஸ்கில் காப்பியோடு அவள் வாசலில் நிற்பாள். அன்னூர், புளியம்பட்டி என்று எங்காவது போய், மரத்தடியில் நிறுத்திக் காப்பியைக் குடித்துவிட்டுத் திரும்புவோம். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் அதிகம் பேசிக்கொண்டது அந்த ஒன்றரை வருஷத்தில்தான்.

அவள் பிறந்த ஊர் கோபிசெட்டிபாளையம். அங்கே ஒரு விருந்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். சத்தியமங்கலம் தாண்டி ஒரு வளைவில் எதிரே வாழைத்தார் ஏற்றிய லாரி வந்தது. ஆக்சிலேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தேன். அவள் கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க, பொறவால வண்டி தனியாப் போகுதுங்க."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு. லாரியப் பாத்துப் பயந்துட்ட."

அடுத்த இரண்டு வளைவுகளிலும் அவள் அதையே சொன்னாள். நான் அதையே சொன்னேன். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. விருந்தில் இலை போட்டு உட்கார்ந்ததும் அவள் தம்பிகளைப் பார்த்து, "மாப்ளே, வண்டியோட வாலு மட்டும் தனியா ஆடுதாமா உங்கக்காளுக்கு" என்றேன். மூன்று பேரும் சிரித்தார்கள். ரசம் ஊற்றிக்கொண்டிருந்த அவளும் சிரித்தாள். அவளே சிரிக்கிறாளே, அவள் ஒன்றும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு வாசலில் அவள் இல்லை. இடுப்பு வலிக்கிறது, நீங்கள் போய்விட்டு வாருங்கள் என்றாள். அதற்கடுத்த ஞாயிறு மாவு ஆட்ட வேண்டும் என்றாள். மூன்றாவது ஞாயிறு காரணம் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் இறங்கிப்போனதாக ஆகிவிடும் என்று ஒரு வீம்பு. ஐந்து மாதம் தனியாக ஓட்டினேன். மரத்தடியில் நிறுத்தி, கடைக் காப்பியைக் குடித்துவிட்டுத் திரும்புவேன். காப்பி நன்றாகவே இருக்காது.

பிறகு பின்பக்கம் டக் டக்கென்று சத்தம் வர ஆரம்பித்தது. தொழிலை நிறுத்திய பிறகும் விற்காமல் வைத்திருந்த என் பட்டறையில் வண்டியைத் தூக்கி நிறுத்திக் கீழே படுத்துப் பார்த்தேன். பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரும்புக் கை, வண்டியின் உடம்போடு சேரும் இடத்தில் ஒரு புஷ் இருக்கும். இரும்புக் குழாய்க்குள் ரப்பர், ரப்பருக்குள் இன்னொரு சின்னக் குழாய், அதற்குள் போல்ட். அந்த ரப்பர் சுற்றிலும் கிழிந்து, விரலை விட்டால் போகிற அளவுக்கு வாய் பிளந்து கிடந்தது. கடப்பாரை நுனியால் நெம்பினேன். சக்கரம் அப்படியே பக்கவாட்டில் நகர்ந்தது. அவள் சொன்னது அத்தனையும் நிஜம்.

எழுந்து நேரே வீட்டுக்குப் போய் அதை அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் லேத்துக்குப் போனேன். பழைய புஷ்களைப் பிரஸ்ஸில் வைத்து நெட்டித் தள்ளிவிட்டு, அதே அளவில் கெட்டி நைலானில் புதிதாகக் கடைந்து, துளி ஆட்டம் இல்லாமல் மாட்டினேன். கையால் அசைத்துப் பார்த்தால் பாறை மாதிரி நின்றது. எனக்கு அப்படி ஒரு பெருமை. சாயங்காலம் வீட்டு வாசலில் ஹாரன் அடித்து, "ஏறிப் பாரு, வண்டி சும்மா கிண்ணுன்னு இருக்குது" என்றேன். ஏன் பிரித்தேன், என்ன கண்டேன் என்று மட்டும் சொல்லவில்லை.

அவள் ஏறினாள். காந்திபுரம் போவதற்குள் ஒவ்வொரு வேகத்தடையும் எங்கள் முதுகெலும்பில் வந்து இடித்தது. பின்னால் கிரீச் கிரீச்சென்று சத்தம் வேறு. வீட்டுக்கு வந்ததும் கதவைப் பிடித்து மெதுவாக இறங்கி, இடுப்பில் கை வைத்தபடி உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு உண்மையாகவே பயந்தேன். குறை சொல்வதைக்கூட அவள் நிறுத்திவிட்டாளே என்றிருந்தது.

உக்கடத்தில் பழைய கார்களை மட்டும் பார்க்கிற பாய் ஒருவர் இருக்கிறார் என்று தெரியும். இதுவரை போனதில்லை, எனக்குத் தெரியாததா என்ற எண்ணம். மறுநாள் போனேன். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவர். நைலான் புஷ்ஷைக் கழற்றிக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வேலை சுத்தமா இருக்குதுங்ணா. பம்ப் கம்பெனிங்களா?"

"ஆமா பாய். எப்படித் தெரியும்?"

"பம்ப் கம்பெனிக்காரங்க எல்லாரும் இதத்தான் செஞ்சுபோட்டு வருவாங்க." அவர் சிரிக்கவில்லை. "பம்புல தண்டு சுத்தோணும், அதனால ஆட்டம் ஆகாதுங்க. இங்க எதுவுமே சுத்தறதில்லீங்ணா. சக்கரம் மேல கீழ போறப்ப ரப்பர் முறுக்கிக் குடுக்கும், பொறவு தானா திரும்பி வரும். அது குடுத்தாத்தான் வண்டி."

பிறகு கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "பழைய ரப்பர் அத்தனை கிழிஞ்சிருந்துதுன்னா வளைவுல பின்பக்கம் இழுத்திருக்குமே. ஓட்டறவங்களுக்குத் தெரியாதுங்க, ஸ்டியரிங் புடிச்ச கை தன்னால சரி பண்ணிக்கும். பக்கத்துல உக்காந்தவங்களுக்கு இடுப்புலயே தெரிஞ்சிரும். யாரும் சொல்லலீங்களா?"

"யாரும் சொல்லலை" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்று யோசித்தாலும் கூச்சமாக இருக்கிறது. முன்பின் தெரியாத ஒரு மனிதரிடம் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள, அவள் சொன்னதையே இல்லையென்று ஆக்கிவிட்டேன்.

சரியான ரப்பர் புஷ்கள் வெளியூரிலிருந்து வர மூன்று வாரம் ஆனது. மாட்டுகிற அன்று பாய் போன் செய்தார். புஷ்களைப் பிரஸ்ஸில் ஏற்றியாகிவிட்டது, போல்ட்டுகளைச் செருகியிருக்கிறேன், ஆனால் முறுக்கவில்லை என்றார். சக்கரம் தொங்கும்போது முறுக்கினால், வண்டியை இறக்கியதும் ரப்பர் எப்போதும் திருகினபடியே நிற்கும், சீக்கிரம் கிழிந்துவிடுமாம். வண்டி தரையில் நின்று, ஆள் உட்கார்ந்து, ஓடுகிற நிலையில் இருக்கும்போதுதான் முறுக்க வேண்டுமாம்.

"சின்ன வண்டிங்ணா, ஆள் ஏறுனா நல்லா எறங்கும். தனியாப் போறதுக்கு வைக்கட்டுங்களா, ரெண்டு பேருக்கு வைக்கட்டுங்களா?"

அவர் லைனில் காத்திருந்தார்.

"ரெண்டு பேருக்கு" என்றேன்.

"அப்ப அவங்களையும் கூட்டிட்டு வாங்க. இல்லீன்னா மணல் மூட்டை வச்சுக்கலாம்."

மணல் மூட்டை என்றதும் எனக்கு ஆசை வந்தது நிஜம். மணல் மூட்டையிடம் போய் எதையும் கேட்க வேண்டியதில்லை. ஆனாலும் சமையலறை வாசலில் போய் நின்று, பாய் சொன்னதை அப்படியே சொன்னேன். கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். "நாஞ்சும்மா உக்காந்தாப் போதுங்களா?" என்றாள். போதும் என்றேன். புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். ஆட்டோவில்தான் போனோம்.

அடியில் இறங்கி வேலை செய்யத் தரையில் வெட்டியிருந்த குழியின் மேல் வண்டி நான்கு சக்கரத்தில் நின்றது. நான் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தேன், அவள் பக்கத்தில். பாய் பின்பக்கத்தைப் பிடித்து நாலைந்து முறை அழுத்தி ஆட்டிவிட்டு, குழிக்குள் இறங்கினார். எங்களுக்குக் கீழே ஸ்பேனர் சத்தம் கேட்டது. நகராத வண்டியில் இரண்டு பேரும் எதிரே இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

குழிக்குள்ளிருந்து பாய் பேசினார். "அக்கா, நீங்க மட்டும் இதுல போயிருந்தா அன்னைக்கே கண்டுபுடிச்சிருப்பீங்க. யாரும் சொல்லலைன்னு அண்ணன் சொன்னாருங்க."

அவள் என் பக்கம் திரும்பவில்லை. மடியில் இருந்த பையின் காதை விரலில் சுற்றினாள். எனக்குக் காதெல்லாம் சுட்டது.

"பாய்" என்றேன். "இவ சொன்னா. மொத நாளே சொன்னா, மூணு தடவ சொன்னா. நாந்தான் கேக்கல. நாலு பேரு முன்னால கிண்டல் வேற பண்ணிப்போட்டேன்."

கீழே ஸ்பேனர் ஒரு கணம் நின்றது. "அப்படீங்களா" என்றார் பாய். மறுபடி முறுக்க ஆரம்பித்தார். அவளிடம் திரும்பி, "தப்பு எம்மேலதான் அம்மணி" என்றேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். மன்னித்துவிட்டாளா, கேட்டுக்கொண்டாளா என்று தெரியவில்லை.

"ஆச்சுங்ணா. மதுக்கரை வரைக்கும் ஒரு ஓட்டம் ஓட்டிப் பாத்துட்டு வாங்க" என்றார் பாய். அவள் இறங்கிவிடுவாள் என்று நினைத்தேன். பெல்ட்டை இழுத்து மாட்டினாள்.

ஆத்துப்பாலம் தாண்டி வண்டி வேகமெடுத்தது. மேடு பள்ளத்தை ரப்பர் வாங்கிக்கொண்டது, முதுகுக்கு எதுவும் வரவில்லை. வளைவில் வேண்டுமென்றே காலை எடுத்தேன். வண்டி இம்மியும் பிசகாமல் திரும்பியது. எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. அடக்கிக்கொண்டு, "எப்படி இருக்குது?" என்று கேட்டேன். அந்தக் கேள்வியை அவளிடம் நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"இன்னும் லேசா இழுக்குதுங்க."

என் கையும் காலும் ஒன்றுமில்லை என்றுதான் சொல்லின. சொல்ல வாயைத் திறந்தும் விட்டேன். மூடிக்கொண்டு, வேகத்தைக் குறைத்து, அடுத்த திருப்பத்தில் வண்டியை உக்கடம் பக்கமாகத் திருப்பினேன். அரை கிலோமீட்டர் போயிருப்போம்.

"பாய்கிட்டப் போறீங்களா?"

"ஆமா. நீதான இழுக்குதுன்னு சொன்ன."

"இழுக்கலீங்க. வண்டி நல்லாத்தான் இருக்குது." அவள் கண்ணாடி வழியே வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். "திரும்பறீங்களான்னு பாத்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாமல் வண்டியை ஓரமாக நிறுத்த வேண்டியதாகிவிட்டது. கல்யாணமான இந்த முப்பத்தொரு வருஷத்தில் இதற்கு முன்னால் எத்தனை முறை ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டு, நான் திரும்புகிறேனா என்று இவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருப்பாள், நான் அது தெரியாமல் எத்தனை முறை நேராகவே போயிருப்பேன் என்று அப்போதுதான் தோன்றியது.