மட்டையோடை ஓடின மச்சாள்

எங்கடை விளையாட்டுக் கழகத்துத் தலைவர் என்ரை மாமா. அவருக்குத் தெரிஞ்ச ஒரே விளையாட்டு கிரிக்கெட், அதிலையும் தெரிஞ்ச ஒரே வித்தை தூக்கி அடிக்கிறது. அந்த மனிசனிட்டைப் போய், பேஸ்போல் விளையாட ஞாயிறு பின்னேரம் பெண்களுக்கு மைதானம் தாங்கோ எண்டு கேட்டன் பாருங்கோ, எனக்கு விசர்.

"சாவகச்சேரிப் பிள்ளையளை வெண்டு காட்டுங்கோ, தாறன். தோத்தால் ஞாயிறும் பெடியளுக்குத்தான்" எண்டார்.

எங்களிலை ஒருத்திக்கும் பந்தை வேலிக்கு அங்காலை அனுப்பிற பலம் இல்லை. ஆனால் எல்லாரும் கோட்டிலை நிண்டு ஆளை மறிக்கிற கிளித்தட்டு விளையாடி வளர்ந்தவளவை. ஓட்டத்திலை பிடிக்க ஏலாது, நிலத்திலை வாற பந்தைத் தவற விடவும் மாட்டம். பந்து எறியிறவள் தையல்கடை வைச்சிருக்கிறாள், நினைச்ச இடத்திலை போடுவாள். பிறகென்ன? மெல்லத் தட்டிப்போட்டு ஓடுறது, அவள் பந்து எறியிற நேரம் பாத்து அடுத்த பேஸுக்கு ஓடிப் பேஸ் பேஸாய்க் களவெடுக்கிறது, மற்றவையை ஓட விடாமல் மறிக்கிறது. தலைவி எண்டு நான் தொண்டை கிழியச் சொன்னது இவ்வளவுதான்.

போட்டியண்டு மாமா கோட்டுக்கு வெளியிலை நிண்டு போட்ட கூத்து! "தூக்கி அடி பிள்ளை! என்ன தடவுறாய்?" ஒவ்வொரு பந்துக்கும் உதுதான். எனக்கு வாயிலை நல்லாய் வந்தது, மாமா எண்டு விட்டன்.

கடைசியாய் நாங்கள் அடிக்கிற முறை. ஓட்டம் சமன், ரெண்டு பேர் அவுட், மூண்டாவது ஆளும் அவுட்டானால் முறை முடிஞ்சுது. மூண்டாம் பேஸிலை நான். அடிக்க வந்தது மச்சாள், மாமாவின்ரை மகள். தகப்பன் கத்தக் கத்த அவள் பந்தை நோகாமல் காலடியிலை தட்டிப்போட்டாள். நான் பறந்து வந்து கடைசிப் பேஸை மிதிச்சிட்டன். இனி அவள் முதலாம் பேஸைக் காலாலை மிதிச்சால் வெற்றி. பந்து வர முதலே கிட்டப் போயிட்டாள். ஐயோ, தமையன்மாரோடை ஒழுங்கையிலை கிரிக்கெட் விளையாடின பழக்கம்! மட்டையைக் கீழை போடாமல் கொண்டு ஓடினவள், குனிஞ்சு மட்டையைப் பேஸிலை வைச்சுப்போட்டு என்னைப் பாத்துச் சிரிக்கிறாள். கால் வெளியிலை. பந்து வந்துது. அவளும் அவுட், அதாலை என்ரை ஓட்டமும் செல்லாது.

பொழுதுபட்டிட்டுது, இனி விளையாட ஏலாது எண்டு வெற்றியைத் தீர்க்க நடுவர் காசு சுண்டினார். அதிலையும் தோத்தம்.

மச்சாள் மட்டையைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு அழுதாள். அவளை ஏசவும் மனம் வரேல்லை, ஏசாமல் இருக்கவும் ஏலேல்லை. அந்த நேரம் பாத்து மாமா வந்தார்.

"பாத்தியளே? தூக்கி அடிச்சிருந்தால் ஓடவே தேவையில்லை."

ஞாயிறு பின்னேரம் மச்சாளும் நானும் மைதானப் பக்கம் போனம். பெடியள் ஒருத்தனும் இல்லை. நாங்கள் முதலாம் பேஸ் போடுற இடத்திலை மாமாவின்ரை மாடு கட்டிக் கிடந்துது.