ஆமெனுக்கு முன்னால் திருகிய சாவி

என் ஆட்டோவின் சாவிவளையத்தில் இன்னொரு சாவியும் தொங்குகிறது. இன்றைக்கு அதற்கென்று ஒரு வண்டி கிடையாது. அந்த ஜீப்பை உடைத்துப் பழைய இரும்புக்குப் போட்டு ஒன்பது வருஷம் ஆகிறது. “செத்த மாட்டுக் கயித்த எதுக்குய்யா இடுப்புல கட்டிக்கிட்டுத் திரியிற, தூக்கிப் போடு” என்று என் வீட்டுக்காரி சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள். நான் போடவில்லை. காலையில் ஆட்டோவை எடுக்கும்போது அந்தப் பழைய சாவி விரலில் தட்டும். தட்டியதும் கை நின்றுவிடும். பின்னால் உட்கார்ந்திருப்பவர், “என்னண்ணே, ஸ்டார்ட் ஆகலையா?” என்பார். ஆகும், ஆகும். நான்தான் ஒரு வார்த்தைக்காகக் காத்திருக்கிறேன். அந்த வார்த்தை ஆமென். எங்கள் குலசாமி கருப்பசாமி. திருநீறு பூசாமல் வாசற்படி தாண்டுகிறவன் இல்லை நான். எனக்கும் ஆமெனுக்கும் என்ன சம்பந்தம் என்று சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்து மூன்று நாளாகிறது. இரண்டு வரி எழுதுவதும் எழுந்து வாசலுக்குப் போவதுமாக இருக்கிறேன்.

அப்போது நான் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்பு ஓட்டினேன். விடிகிற நேரத்தில் சிலமலையில் பெண்களை ஏற்றி, போடி வழியாகப் போடிமெட்டு ஏறி, கேரளப் பக்கத்துத் தோட்டத்தில் இறக்கிவிட வேண்டும். சாயங்காலம் திரும்பக் கூட்டிவர வேண்டும். பத்துப் பேர் உட்காரும் வண்டியில் பதினைந்து பேர் இருப்பார்கள். மலையடிவாரத்தில் இரண்டு நிமிஷம் வண்டியை அணைத்துவிட்டு இறங்கிச் சூடம் கொளுத்துவேன். அந்த இரண்டு நிமிஷத்தை, வண்டியில் இருந்த ஒரே வேதக்காரப் பெண் தன் ஜெபத்துக்கு எடுத்துக்கொண்டார். ஜெபக்காரக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். நாற்பத்தைந்து வயதிருக்கும். கணவர் இல்லை. ஒரே மகள், மதுரையில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள்.

அக்கா முக்காட்டை இழுத்துவிட்டுக் கண்ணை மூடினால், ஒருத்தர் பெயர் விட்டுப்போகாது. இன்னாருக்கு மூட்டுவலி, இன்னாரின் மகனுக்குப் பரீட்சை என்று போகும். அட்டைக்கடி, பாம்பு, சூப்பர்வைசரின் வாய் எல்லாம் வரும். கடைசியில் “தம்பி கையையும் வண்டிச் சக்கரத்தையும்” என்று என்னிடம் வந்து நிற்கும். எனக்குச் சிரிப்பாக இருக்கும். “டயரப் பாக்கவெல்லாம் ஆண்டவருக்கு நேரம் இருக்காக்கா?” என்று ஒருநாள் கேட்டேன். “ஒனக்குத்தான் நேரம் இல்லைல, அவராச்சும் பாக்கட்டும்” என்றார். வண்டியே கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்தேன்.

அந்த ஜெபம் ஒரே வரியில் தொடங்கி அதே வரியில் முடியும். “இம்மெட்டும் காத்தீர் ஆண்டவரே, இன்னைக்கும் காத்துக்கொள்ளும்.” மலை ஏறும் எங்கள் மெட்டுக்கென்றே அக்கா ஒரு ஜெபம் கட்டியிருக்கிறார் என்று எங்களுக்கெல்லாம் பெருமை. வண்டி மூச்சுவாங்கிப் போடிமெட்டு ஏறி முடித்ததும், சாமி கும்பிடுகிற பெண்கள்கூட “இம்மெட்டும் காத்தீர்” என்று சேர்ந்து சொல்வார்கள். ஒருத்தி, “ஏக்கா, ஏறுற மெட்டையே சொல்றியே, எறக்கத்துக்கு யாரு பொறுப்பு?” என்று வம்புக்கு இழுப்பாள். அக்கா அவள் தொடையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சிரிப்பார்.

அன்றைக்கு, மழை விட்டு மூன்றாம் நாள். காய் எடுக்கும் சுற்று தள்ளிப்போய்விட்டது, வெரசா வா என்று தோட்டத்திலிருந்து போன் மேல் போன். வீட்டிலும் காலையிலேயே ஒரு சண்டை. அடிவாரத்தில் வண்டியை அணைத்தேனே தவிர, இறங்கிச் சூடம் கொளுத்தவில்லை. அக்கா கண்ணை மூடிப் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். மகள் லீவுக்கு வந்தவள், அம்மாவோடு தோட்டத்தைப் பார்க்க வருகிறேன் என்று பின்னால் கடைசியில் தொற்றிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து இன்னொரு ஜீப்பு ஹாரனை அலறவிட்டுக்கொண்டு எங்களை முந்திப் போனது. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. “மிச்சத்தப் போற வழியில சொல்லுக்கா, அவருக்குக் கேக்கும்” என்று சாவியைத் திருகினேன். “அம்மா இன்னும் ஆமென் சொல்லலண்ணே!” என்று பின்னாலிருந்து அந்தப் பிள்ளை கத்தியது எனக்கு நன்றாகக் கேட்டது. கேட்டும் கியரைப் போட்டேன்.

பாதி மலையில் ஒரு கொண்டை ஊசி வளைவில் முன்சக்கரம் வழுக்கியது. பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைப்பக்கமாக ஒடித்தேன். வண்டி ஓடைக்குள் இறங்கிச் சாய்ந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்பு, ஒருத்திக்குக் கை முறிவு. அக்கா மகளின் முதுகில் வண்டியின் மேல்கூரைக் கம்பி விழுந்தது. அதற்குப் பிறகு அவள் காலை ஊன்றவில்லை.

ஆமென் சொல்வதற்குள் வண்டியை எடுத்தான், அதனால்தான் இப்படி ஆனது என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். சிலமலையிலிருந்து குரங்கணி வரைக்கும் அதே பேச்சு. நானும் தலையைக் குனிந்துகொண்டு, ஆமாம், ஜெபத்தைக் கெடுத்த பாவி நான்தான் என்று எல்லோரிடமும் சொன்னேன். அப்படிச் சொல்வது எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது தெரியுமா? முன்சக்கரத்து டயர் வழவழவென்று தேய்ந்துபோயிருந்தது. ஸ்டெப்னி நல்ல டயர். அதைக் கழற்றி முன்னால் மாட்டுடா என்று வண்டியின் சொந்தக்காரர் இரண்டு தடவை சொன்னார். அரைமணி நேரச் சோலி. நாளைக்கு, நாளைக்கு என்று பத்து நாள் ஓட்டினேன். மாற்றச் சொன்னது எனக்கும் அவருக்கும் மட்டும் தெரியும். அவர் வாயைத் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை.

விபத்து நடந்த பத்தாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வராந்தாவில் தரையில் சுவரோரம் அக்கா உட்கார்ந்திருந்தார். கண் மூடியிருந்தது. உதடு மட்டும் அசைந்தது. “இம்மெட்டும் காத்தீர் ஆண்டவரே…” அதைக் கேட்டதும் எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், எனக்கு அது கோபமாக வந்தது. “எந்த மெட்டக்கா காத்தாரு? அந்த மெட்டுலதானக்கா பிள்ளையக் கைவிட்டாரு!” என்று கத்திவிட்டேன்.

அக்கா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். ஒன்றும் விளங்காத பார்வை. “மெட்டா? எந்த மெட்டு?”

“நீதானக்கா தெனமும் சொல்லுவ, இம்மெட்டும் காத்தீர்னு.”

“அட கிறுக்குப் பயலே,” என்றார். அந்த நிலைமையிலும் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து போனது. “இம்மட்டும்னு சொல்றேன்டா. இம்மட்டும். இதுவரைக்கும்னு அர்த்தம். இதுக்கு மேல என்னான்னு எனக்கும் தெரியாது.”

எத்தனையோ வருஷம் காதில் விழுந்த வார்த்தையை நான் எனக்குத் தெரிந்த மலையாக ஆக்கி வைத்திருந்தேன். வண்டியில் இருந்த அத்தனை பேரும் அப்படித்தான். அந்தத் தரையிலேயே அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டு, ஆமென் சொல்லவிடாமல் வண்டியை எடுத்தது என் தப்புதான் என்று அழுதேன். அழுகை உண்மைதான். வார்த்தைதான் பொய்.

அக்கா காலை இழுத்துக்கொண்டார். “ஆமெனுக்கும் இதுக்கும் என்னப்பா சம்பந்தம்? நான் ஆமென் சொல்ற வரைக்கும் கையக் கட்டிக்கிட்டு நிக்கிற ஆளா அவரு? அத விடு. எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு. டயரு தேஞ்சிருந்துச்சுன்னு அந்தக் கை ஒடிஞ்ச பிள்ள சொல்லுது. நெசமா?” நான் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தேன். அக்கா விடவில்லை. “ஒன்மேல கேஸ் போடவா கேக்குறேன்? டயருதான்னா நான் ஒன்னய மன்னிக்கணும். டயரு இல்லைன்னா நான் அவர்கிட்டதான் கேக்கணும். யாருகூடச் சண்ட போடணும்னு தெரியாம எனக்கு ஜெபம் வரமாட்டேங்குது தம்பி.”

“டயரு நல்லாத்தான் இருந்துச்சுக்கா” என்றேன்.

அக்கா தலையை ஆட்டினார். “சரி. அப்ப அவருதான்” என்று சொல்லிவிட்டு எழுந்து வார்டுக்குள் போனார். என் பழியைத் தூக்கிக் கடவுள் தலையில் போட்டுவிட்டு நான் வெளியே வந்து டீ குடித்தேன். அந்த டீயின் ருசிகூட இன்னும் நாக்கில் இருக்கிறது. பிறகு மலை ஏறவில்லை. போடியில் ஆட்டோ ஓட்டத் தொடங்கினேன்.

அக்கா மூன்று மாதத்தில் வேறொரு ஜீப்பில் ஏறி மறுபடியும் தோட்டத்துக்குப் போனார் என்று கேள்விப்பட்டேன். வீட்டில் படுத்தபடி மகள், மலையில் வேலை, இரண்டுக்கும் நடுவில் ஊரார் வாய். கோடாங்கியிடம் குறி கேட்டு ஒரு கயிறு கட்டு, பிள்ளை எழுந்துவிடுவாள் என்றார்கள் பக்கத்து வீட்டார். அக்கா கட்டவில்லை. வெளியூரிலிருந்து வந்த ஒரு பிரசங்கியார், மகள் தலையில் கைவைத்து அரைமணி நேரம் ஜெபித்துவிட்டு, “விசுவாசம் குறைவா இருக்கும்மா, அதான் சுகம் வரல” என்றாராம். அவருக்குத் தலை முழு வழுக்கை. “அப்ப ஐயா தலையில முடி மொளைக்காததுக்கு யாரு விசுவாசம் கொறஞ்சது?” என்று கேட்டுவிட்டாராம் அக்கா. இதைச் சொன்னது அந்த ஜீப்பில் போகும் என் கொழுந்தியாள். அவளிடம் அக்காவைப் பற்றிக் கேட்காமல் எனக்கு ஒரு வாரம் கழியாது.

“இப்பல்லாம் அக்கா பண்றது ஜெபமே இல்ல மாமா, வழக்கு” என்பாள். “இம்மட்டும் காத்தீர்னு தொடங்குது. அப்பறம் ஏன் விட்டீர், எம்பிள்ள என்ன செஞ்சா, பதில் சொல்லும்னு வண்டியே அதிருற மாதிரி கேக்குது. கடைசில ஆமென்னும் சொல்லிருது.” ஞாயிற்றுக்கிழமை சர்ச்சும் தப்புவதில்லையாம். மகளைத் தூக்கிக்கொண்டுபோய் முன்வரிசையில் உட்காரவைப்பாராம். எனக்கு இது ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். ஆத்திரமாகத்தான் வந்தது. இவ்வளவு கேள்வி இருக்கிறவர், பதில் சொல்லாத கடவுளை விட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே? போய்விட்டால் என் பாரமும் கொஞ்சம் இறங்குமே என்று ஏங்கினேன். ஒரு மனுஷியின் நம்பிக்கை அறுந்துபோகட்டும் என்று சூடம் கொளுத்தும் நேரத்தில் நினைத்த பாவி நான். அக்கா விடவில்லை. பதில் வராத இடத்தில் தினமும் போய் நின்று கேட்டுவிட்டு, தினமும் ஆமென் சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். ஒன்பது வருஷம்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில், சர்ச்சுக்குப் போக ஆட்டோ வேண்டும் என்று ஸ்டாண்டுக்கு ஒரு போன் வந்தது. வரிசையில் என் வண்டிதான் முன்னால் நின்றது. சொன்ன தெருவுக்குப் போனால், வாசலில் சக்கர நாற்காலியில் அந்தப் பிள்ளை. பக்கத்தில் நரைத்துப்போன ஜெபக்காரக்கா. போடிக்கே குடிவந்துவிட்டார்களாம். மகள் ஏலக்காய்க் கிட்டங்கியில் உட்கார்ந்தபடியே காய் தரம் பிரிக்கிறாள். எனக்குத் திரும்பி ஓடிவிடலாம் போல் இருந்தது. “நீயா தம்பி, நல்லாருக்கியா?” என்றார் அக்கா, நேற்றுப் பார்த்தவர் மாதிரி. இருவருமாகப் பிள்ளையைத் தூக்கி உள்ளே உட்காரவைத்தோம். நாற்காலியை மடக்கி அவர்கள் காலடியில் வைத்துவிட்டுச் சீட்டில் உட்கார்ந்தேன். அக்கா முக்காட்டை இழுத்துவிட்டார்.

“இம்மட்டும் காத்தீர் ஆண்டவரே…” என்று தொடங்கியதும் என்னால் தாங்க முடியவில்லை. திரும்பிப் பார்க்காமலே பேசினேன். “நிறுத்துக்கா. அன்னைக்கு ஆஸ்பத்திரில நான் பொய் சொன்னேன். டயரு தேஞ்சுதான் இருந்துச்சு. மாத்தச் சொன்னாக, நான்தான் மாத்தல. அவருகிட்டக் கேக்காதக்கா. எங்கிட்டக் கேளு.”

தெருவில் யாரோ ஒரு பெண் குடத்தோடு போனாள். கண்ணாடியில் அந்தப் பிள்ளையின் முகம் தெரிந்தது. அவள் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் திட்டுக்காகக் காத்திருந்தேன். அடித்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன்.

“ஒன்பது வருசமா அவர்கூட மல்லுக்கு நின்னேனே தம்பி,” என்றார் கடைசியில். “ஒரு நா விடாம ஏன் ஏன்னு கேட்டேனே. அம்புட்டு ஏச்சையும் வாங்கிக்கிட்டாரே. ஒரு வார்த்த ஒன்னயக் காட்டிக்குடுக்கலையே அவரு.”

மன்னித்துவிடு என்று கேட்க வாய் வரவில்லை. அது புரிந்ததுபோல் அக்காவே சொன்னார். “ஒன்னய மன்னிக்கணும்னு தெரியும். அது எனக்கு வெரசா வராது. இனிமேதான் ஆரம்பிக்கணும்.” பிறகு விட்ட இடத்திலிருந்து ஜெபத்தைத் தொடர்ந்தார். மகளின் பெயர், கிட்டங்கிப் பெண்களின் பெயர் என்று ஒவ்வொன்றாக வந்தது. “இந்தத் தம்பியையும்…” என்று வந்து அங்கே நின்றது. அந்த வாக்கியத்தை அக்கா முடிக்கவில்லை. மூக்கை உறிஞ்சினார். ஆமென் என்றார்.

சாவி என் விரலில் இருந்தது. அதன் பக்கத்தில் அந்தப் பழைய சாவி ஆடிக்கொண்டிருந்தது. ஆமென் வந்த பிறகும் என் கை திருகவில்லை. எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. பின்னாலிருந்து அந்தப் பிள்ளைதான் பேசினாள்.

“அம்மா ஆமென் சொல்லிருச்சுண்ணே. எடுங்க.”